தாளம் பிசகிய விரல்கள்

மனக்காயத்துக்கான கண் அசைவுச் சிகிச்சைக்கு இப்போது கருவி வந்துவிட்டது. முக்காலியில் நிறுத்திய நீளமான கறுப்புச் சட்டம். அதற்குள் ஒரு பச்சை வெளிச்சப் புள்ளி இடமும் வலமுமாக ஓடும். எதிரில் இருப்பவர் தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் அதைப் பின்தொடர வேண்டும். போன மாதம் புதிதாகப் பயிற்சிக்கு வந்திருக்கும் அணியினர் என்னைக் கூப்பிட்டு அதைப் பொருத்திக் காட்டினார்கள்.

"யோகண்ணை, முந்தி உதெல்லாம் கையாலையோ செய்தனீங்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"நான் எங்கை செய்தது. செய்தவைக்குக் கதிரை தூக்கினனான்."

"கதிரை தூக்கினவர் எண்டால் எல்லாம் பாத்திருப்பியள்தானே. எழுதித் தாங்கோவன். எங்கடை மலருக்கு ஒரு கட்டுரை குறையுது."

குறையை நிரப்ப ஆள் வேண்டுமென்றால் ஓய்வு பெற்றவனைத்தான் பிடிப்பார்கள். எழுதுகிறேன். என் எழுத்தில் பிழை இருந்தால் திருத்தும் பொறுப்பு அந்தப் பிள்ளையுடையது.

என் படிப்பைச் சொல்ல அதிக இடம் தேவையில்லை. எட்டாம் வகுப்பில் இருக்கும்போது எங்கள் பள்ளிக்கூடம் அகதி முகாமானது. எங்கள் குடும்பமும் அங்கேதான் இருந்தது. என் வகுப்பறையிலேயே பாய் விரித்துப் படுத்தேன். பாடம் மட்டும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு மன்னாரில் கருவாட்டு வாடி, வவுனியாவில் அரிசி ஆலை, கொழும்பில் ஒரு லொட்ஜில் கூட்டித் துடைக்கிற வேலை. அங்கே பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் தெருவில் அகப்பட்டுச் சில கிழமை உள்ளே இருந்தேன். வெளியே வந்ததும் டோஹா. அங்கே ஒரு வைத்தியசாலையின் தாதிமார் ஏறும் பஸ்ஸை ஓட்டினேன். என் இங்கிலீசு முழுவதும் அந்த பஸ்ஸில் பிலிப்பைன்ஸ்காரரும் மலையாளிகளும் கதைத்ததைக் கேட்டுப் பொறுக்கியது. சண்டை முடிந்தபின் ஊருக்கு வந்து ஒரு தொண்டு நிறுவனத்துக்கு வான் ஓட்டினேன். அவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு போனபோது, தெல்லிப்பழைப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மனநலப் பயிற்சி தொடங்கியவர்கள் என்னைக் கேட்டார்கள். பதவியின் பெயர் பயிற்சி உதவியாளர். வான் ஓட்டுவது, கதிரை அடுக்குவது, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்வது, வெளிநாட்டுப் பயிற்சியாளர் சொல்வதைத் தமிழில் சொல்வது, எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஓரிடத்தில் இருக்கத் தெரியாத நான் அங்கே மட்டும் ஓய்வு பெறும் வரை இருந்தேன். அதற்குக் காரணம் இங்கிறிட் மிஸ் என்றுதான் நினைக்கிறேன்.

இங்கிறிட் மிஸ் மெலிந்து உயர்ந்த மனுசி. வெளிநாட்டிலிருந்து வருடத்தில் இரண்டு தடவை வந்து சில கிழமைகள் தங்கிப் படிப்பிப்பார். பயிற்சிக்கு வருபவர்கள் மனநல வைத்தியர்கள், தாதிமார், உளவளத்துணையாளர்கள். அவர்கள் இருவர் இருவராக இருந்து ஒருவர் சிகிச்சையாளராகவும் மற்றவர் சிகிச்சை பெறுபவராகவும் பழகும்போது மிஸ் ஓர் ஓரத்தில் இருப்பார். இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் இருப்பார். முதல் நாள் அதைப் பார்த்துக் குளிர்கிறதாக்கும் என்று நினைத்து மின்விசிறியை நிறுத்தினேன்.

"போடு யோகன்," என்றார். "கை வெளியில் இருந்தால் உதவி செய்யப் போய்விடும். அதற்காகத்தான்."

'நல்லது', 'கெட்டிக்காரி' என்று அவர் யாரையும் சொன்னதில்லை. தலையை ஒருமுறை ஆட்டுவார், அதோடு சரி. பிழை விட்டவரையும் பேசமாட்டார். "அந்த நேரம் உங்கள் வயிற்றுக்குள் என்ன நடந்தது?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை முதன்முறை தமிழில் சொன்னபோது ஒரு வைத்தியர், "காலமை இடியப்பம் சாப்பிட்டனான், அதிலை ஒண்டும் பிழையில்லை," என்றார்.

சிகிச்சையின் முறை இதுதான். கதிரைகளை நேருக்கு நேர் போடுவதில்லை. ஒன்று இப்படியும் மற்றது அப்படியும் பார்க்க, பக்கம் பக்கமாகப் போட வேண்டும். மிஸ் அதை விளக்கக் கப்பல் உதாரணம் ஒன்று சொன்னார். ஒருவருக்கும் விளங்கவில்லை. நான், "ரெண்டு மினிபஸ் றோட்டிலை எதிர் எதிரா வந்து நிண்டு, டிரைவர்மார் யன்னலாலை கதைப்பினமெல்லே, அப்பிடிப் போடுங்கோ," என்றேன். அதற்குப் பிறகு கதிரை பிழையாகப் போனதே இல்லை. பின்னால் ஹோர்ன் அடிக்கிறதுபோல ஒருவர் சத்தம் போட, எல்லோரும் சிரித்தார்கள்.

சிகிச்சைக்கு வந்தவர் தன்னை வருத்தும் சம்பவத்தின் மோசமான காட்சி ஒன்றை மனத்தில் வைத்திருக்க வேண்டும். அந்தக் காட்சி தன்னைப் பற்றி என்ன சொல்கிறது, உடம்பில் எங்கே பிடிக்கிறது என்று கேட்பார்கள். வருத்தத்துக்குப் பூச்சியம் முதல் பத்து வரை ஓர் எண் போடச் சொல்வார்கள். பிறகு சிகிச்சையாளர் இரண்டு விரல்களைக் கண்ணுக்கு முன்னால் இடமும் வலமுமாக அசைப்பார். நிறுத்துவார். மூச்சு விடச் சொல்வார். "இப்ப என்ன வருது?" என்று கேட்பார். என்ன வந்தாலும், "அதோடை போங்கோ" என்று சொல்லி மறுபடி விரலை அசைப்பார். விபரம் முழுவதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வாய் திறந்து சொல்ல முடியாதவற்றைச் சுமந்து திரிகிற எங்கள் ஊருக்கு இதைவிடத் தோதான முறை இல்லை என்று நான் நினைத்தேன்.

ஆனால் முறையோடு வந்த உதாரணங்கள் தோதாக இல்லை. "ரயில் யன்னலால் வெளியே பார்ப்பதுபோல, வருகிற காட்சி வந்து போகட்டும் என்று விடுங்கள்," என்று மிஸ் சொல்வார். அப்போது எங்கள் பக்கம் ரயில் இல்லை. சண்டைக் காலத்தில் தண்டவாளத்தைக் கழற்றி பங்கர் என்ற பதுங்குகுழிகளுக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். ரயில் என்று சொன்னால் பாதிப் பேருக்கு பங்கர் கூரைதான் ஞாபகம் வந்தது. நான் அதையும் பஸ் யன்னலாக்கினேன்.

எண் போடுவதிலும் சிக்கல். யாரைக் கேட்டாலும் இரண்டு, மூன்று.

"வீடு எரிஞ்சது. அதுக்கு எத்தினை போடுவியள்?"

"உயிரோடை இருக்கிறம்தானே. ஒரு ரெண்டு போடுங்கோ."

மிஸ் சில நாள் யோசித்தார். பிறகு ஒரு கேள்வி கண்டுபிடித்தார். "இதே உங்கள் பிள்ளைக்கு நடந்திருந்தால் எத்தனை போடுவீர்கள்?" உடனே எட்டும் ஒன்பதும் பத்துமாக வந்தன. அந்தக் கேள்வியை இப்போதும் எங்கள் பயிற்சியில் கேட்கிறார்கள்.

பெரிய இடைஞ்சல் தேத்தண்ணீர். ஆராவது அழத் தொடங்கினால் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது. சிகிச்சையாளர் விரலை நிறுத்திவிட்டு, "அழாதேங்கோ அம்மா, ஒரு பிளேன் ரீ குடிப்பமே," என்பார். அழுகை வந்தால்தான் வேலை நடக்கிறது, அந்த இடத்தில் நிறுத்தக்கூடாது என்று மிஸ் எத்தனையோ விதமாகச் சொன்னார். கடைசியில் சுடுதண்ணீர்ப் போத்தலை அறைக்கு வெளியே வைத்தார். ஒரு தாதி எழும்பி வெளியே போய் ஊற்றிக்கொண்டு வந்தார். மிஸ் போத்தலை என் வானுக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார்.

விரல் அசைப்பதைப் பார்த்து எங்கள் சனம் நினைத்ததையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் மகளைக் கூட்டிவந்த தாய் ஒருத்தி மூலையில் இருந்து முழுவதையும் பார்த்தாள். முடிந்ததும் எழும்பி வந்து மகளின் தலையைச் சுற்றி மூன்று தரம் துப்பிவிட்டு வைத்தியருக்கு முன்னால் இருந்தாள்.

"டொக்ரர், எனக்கும் ஒருக்கால் நாவூறு கழிச்சு விடுங்கோ. பிள்ளையின்ரை முகம் தெளிஞ்சு போச்சு."

மிஸ் என்னவென்று கேட்டார். விரலால் திருஷ்டி கழிப்பதாக நினைக்கிறார் என்றேன். "அவருக்கும் ஒரு நாள் குறித்துக் கொடுங்கள்," என்றார். அந்தத் தாயும் பிறகு ஒழுங்காக வந்து போனாள். அவளுக்கும் தேவை இருந்தது.

இனிப் பாலண்ணையின் கதை. அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேரை மாத்து, ஊரை மாத்து. தவிலை மிருதங்கம் எண்டு மட்டும் எழுதிப்போடாதை," என்றார். எனவே பெயரும் ஊரும் மாற்றம், தவில் உண்மை.

பாலண்ணை வலிகாமத்தில் நல்ல கிராக்கியுள்ள தவில்காரர். கோவில் திருவிழா, கலியாணம் என்று வருடம் முழுவதும் வேலை. அவருக்கு ஒரு குழு இருந்தது. ஒரு வருடம் ஒரு கலியாண வீட்டில் தாலி கட்டும் நேரம் ஐயர் கையை உயர்த்தி விரலை ஆட்டினார். கெட்டிமேளத்துக்கு அதுதான் சைகை. பாலண்ணையின் கை உயர்ந்தது. இறங்கவில்லை. நாதஸ்வரமும் மற்றத் தவிலும் முழங்க, இவர் கையைத் தூக்கியபடி இருந்தார். அடுத்த கலியாணத்திலும் அப்படியே. மற்ற நேரம் எல்லாம் ஒரு குறையும் இல்லை. சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்பார், தனி வாசிப்பார். கெட்டிமேளத்துக்கு மட்டும் கை இறங்காது. கலியாண வீட்டில் அதைவிடப் பெரிய அபசகுனம் இல்லை. பேசியிருந்த இடங்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. நரம்பு வைத்தியரிடம் காட்டினார். தோளுக்கு எண்ணெய் போட்டார். சனீஸ்வரனுக்கு எள் எரித்தார். கடைசியாகத்தான் எங்களிடம் வந்தார்.

கோப்பாயில் ஒரு கலியாணம் மட்டும் மிஞ்சியிருந்தது. பெண்ணின் தகப்பன் பிடிவாதக்காரர். "பாலன் வராட்டில் எனக்கு மேளமே வேண்டாம்," என்று சொல்லிவிட்டார்.

"அங்கையும் கை நிண்டால் அவ்வளவுதான்," என்றார் பாலண்ணை. "தவிலை வித்துப்போட்டு வாழைக்குலைக் கடை போடுறதுதான். பிறகு ஒருத்தரும் கூப்பிடாயினம். கூப்பிட்டாலும் நான் போகன்."

அவருக்கு அணியிலேயே நல்ல கை உள்ளவர் என்று டொக்ரர் கஜனை மிஸ் தேர்ந்தார். இளம் வைத்தியர். அவருடைய விரல்கள் மணிக்கூட்டு ஊசல்போல ஒழுங்காக அசையும். மிஸ் ஒரு பக்கத்தில், அவருடைய காதுக்குள் மெதுவாக மொழிபெயர்க்க நான். எங்களுக்குப் பின்னால் சுவரோரம் சுகந்தி.

சுகந்தியைச் சொல்ல வேண்டும். பண்டத்தரிப்புப் பிள்ளை, உளவளத்துணையாளர். காணாமற்போன தமையனைத் தாயோடு சேர்ந்து பல வருடம் தேடியவள். அழுகிறவருக்குப் பக்கத்தில் தேத்தண்ணீர் இல்லாமல் இருக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த அணியில் அவள்தான். ஆனால் விரல் அசைக்கத் தெரியாது. ஒரு பக்கம் நீளும், மறுபக்கம் குறுகும், நடுவில் ஓடும், பிறகு நிற்கும். பழகட்டும் என்று மிஸ் என்னை அவளுக்கு முன்னால் இருத்தினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மன்னார்க் கடலில் வள்ளத்தில் போன மாதிரி இருந்தது.

"பள்ளிக்கூடத்திலை என்னைக் கும்மிக்குக் கூடச் சேர்க்கேல்லை யோகண்ணை," என்றாள். "நான் அடிக்கிற அடி முன்னுக்கு நிக்கிறவளின்ரை தலையிலைதான் விழும்."

அதனால் அவளுக்கு இன்னும் சிகிச்சை செய்ய அனுமதி இல்லை. பார்க்க மட்டும் இருந்தாள்.

கஜன் தொடங்கினார். காட்சி என்னவென்று கேட்டார்.

"ஐயரின்ரை விரல்," என்றார் பாலண்ணை. சண்டைக் காலத்தில் ஒரு கலியாண வீடு. அவரும் தம்பியும் இரட்டைத் தவில். ஐயர் விரலை ஆட்டினார், அவர் அடித்தார், ஷெல் விழுந்தது. தம்பி போய்விட்டான். அதற்குப் பிறகு இத்தனை வருடமும் அவர் கெட்டிமேளம் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். முதன்முதல் கை நின்ற அந்தக் கலியாணத்தில் பெடியள் கொளுத்திய வெடி சரியாக அவருடைய கை இறங்க வேண்டிய இடத்தில் வெடித்ததாம்.

"அந்தக் காட்சியைப் பாக்கேக்கை உங்களைப் பற்றி என்ன நினைக்கிறியள்?"

பாலண்ணை யோசிக்கவில்லை. "என்ரை அடியாலைதான் விழுந்தது. அடியும் ஷெல்லும் ஒண்டாத்தான் விழுந்தது டொக்ரர். எனக்குக் காலம் தெரியும். ஒரு மயிரிழை கூட விலத்தேல்லை."

அதை மிஸ்ஸுக்குச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. மற்றவர்கள் ஷெல்லைச் சத்தமாக நினைவில் வைத்திருந்தார்கள். இவர் தாளத்தில் வைத்திருந்தார்.

எண் கேட்டபோது மூன்று என்றார். பிள்ளைக்கு நடந்தால் என்று கேட்டபோது பத்து என்றார். உடம்பில் எங்கே என்றதற்கு வலது தோளைக் காட்டினார்.

முதலில் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, தன் தோள்களைத் தானே மாறி மாறித் தட்டும் முறையைக் கஜன் காட்டினார். கண் அசைவுக்குப் பதிலாக அதையும் செய்வதுண்டு. பாலண்ணை தட்டினார். கொஞ்ச நேரத்தில் தட்டு தானாக மாறியது. வலது கை இரட்டித்தது. இடது கை பதில் சொன்னது. தலையும் சேர்ந்து ஆடியது.

"என்ன வருது இப்ப?" என்றார் கஜன்.

"மல்லாரி வருது டொக்ரர்."

கஜன் விரலுக்கு மாறினார். இடம், வலம், இடம், வலம். பாலண்ணையின் கண் நன்றாகப் பின்தொடர்ந்தது. முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. தொடைக்குப் பக்கத்தில் அவருடைய சுட்டுவிரல் மெல்ல அசைவதை நான் கண்டேன்.

"என்ன வருது?"

"டொக்ரருக்கு நல்ல காலப்பிரமாணம். நான் ஆதி தாளம் போட்டுக்கொண்டு வாறன்."

கஜன் வேகத்தைக் கூட்டினார்.

"ரெண்டாம் காலம்," என்றார் பாலண்ணை.

இன்னும் கூட்டினார்.

"மூண்டாம் காலம். விடமாட்டீர் போல."

சுவரோரம் சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கஜனுக்கு வியர்த்தது. தாளம் போட்டுக்கொண்டிருக்கிற மனிதனுக்கு வேறெதுவும் மனத்தில் வராது. இத்தனை வருடமும் அவர் தப்பியது அப்படித்தான் என்று பிறகு எனக்குத் தோன்றியது. அவருக்கு முன்னால் எதை ஒழுங்காக ஆட்டினாலும் அவர் அதை எடுத்து எண்ணத் தொடங்கிவிடுவார்.

நான் எல்லாவற்றையும் மிஸ்ஸின் காதுக்குள் சொன்னேன். ஆதி தாளம் என்றால் என்ன என்று கேட்டார். தொடையில் போட்டுக் காட்டினேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். தொடைக்குக் கீழிருந்து ஒரு கையை வெளியே எடுத்தார். பயிற்சி நடக்கும்போது அவர் கையை எடுத்து நான் பார்த்தது அன்றுதான். அந்தக் கையால் சுகந்தியைக் காட்டினார்.

"அவரால் எண்ண முடியாத கை வேண்டும்," என்றார். "எங்களிடம் ஒன்று இருக்கிறது."

கஜன் நல்ல மனுசன். எழும்பித் தன் கதிரையைச் சுகந்திக்குத் துடைத்துக் கொடுத்தார். "உமக்குத்தான் இது சரி. எண்டைக்காவது ஒருநாள் உந்தக் கைக்கு வேலை வரும் எண்டு எனக்குத் தெரியும்," என்றார்.

"நக்கல் வேண்டாம் டொக்ரர்."

அவள் இருந்தாள். பாலண்ணையிடம் கேட்டு, அவர் ஓம் என்ற பிறகு விரலை அசைத்தாள்.

கொஞ்ச நேரம் போனது. பாலண்ணையின் நெற்றி சுருங்கியது.

"தங்கச்சி, காலம் தள்ளாடுது."

"ஓம் அண்ணை. எனக்குத் தெரியும்."

"இடப் பக்கம் நீட்டுறீர். வலப் பக்கம் முறிக்கிறீர்."

"ஓம் அண்ணை."

"பிடிக்கேலாமல் கிடக்கு."

"பிடிக்க வேண்டாம். விடுங்கோ."

அவருடைய சுட்டுவிரல் தொடையில் இரண்டு மூன்று தரம் முயன்று பார்த்தது. பிறகு நின்றுவிட்டது. கண் மட்டும் அவளுடைய விரலைத் துரத்திக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தினாள். மூச்சு விடச் சொன்னாள்.

"என்ன வருது இப்ப?"

"ஐயரின்ரை விரல்."

"அதோடை போங்கோ."

அடுத்த தரம், சாம்பிராணி மணக்கிறது என்றார். அதற்கடுத்த தரம், தவிலின் வார் தோளில் அறுக்கிறது என்றார். அதற்கடுத்த தரம் கண்ணால் தண்ணீர் ஓடியது. வலது தோள் தனியாகத் துடித்தது. கஜன் பாதி எழும்பினார்; எனக்குத் தெரியும், தேத்தண்ணீருக்குத்தான். மிஸ் அவரைப் பார்த்தார். கஜன் மறுபடி இருந்துவிட்டார்.

சுகந்தி விரலை நிறுத்தவில்லை. "நான் இஞ்சைதான் இருக்கிறன் அண்ணை. அது பழசு. பாத்துக்கொண்டு வாங்கோ," என்று மட்டும் சொன்னாள்.

"என்ன வருது?"

"தம்பி சிரிக்கிறான்."

"அதோடை போங்கோ."

"தம்பி முந்திட்டான்." அவருடைய குரல் மாறிவிட்டது. "அவன் எப்பவும் முந்துவான். எத்தினை தரம் பேசியிருப்பன். எனக்கு முன்னம் அடிச்சிட்டான்."

"அதோடை போங்கோ."

இந்தத் தரம் அவள் நீண்ட நேரம் அசைத்தாள். அவளுடைய கை களைத்து இன்னும் மோசமாகத் தள்ளாடியது. பாலண்ணையின் கண்கள் எங்கும் போகாமல் அதையே பிடித்துக்கொண்டிருந்தன. அவள் நிறுத்தினாள். அவர் மூச்சை இழுத்து விட்டார். நிமிர்ந்து இருந்தார்.

"நானும் அடிச்சிட்டன்," என்றார். "நாலைஞ்சு அடி அடிச்சிட்டன். சனம் அரிசி எறியுது. பொம்பிளையின்ரை தலையிலை அரிசி கிடக்குது. பிறகுதான்."

"பிறகுதான்?"

"பிறகுதான் விழுந்தது. பிந்தித்தான் விழுந்தது."

அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ வழக்குக்குச் சாட்சி கேட்கிறவர்போல என்னையும் பார்த்தார்.

"அடியிலை விழேல்லை. விளங்குதோ? அது தன்ரை பாட்டுக்கு வந்து விழுந்தது. என்ரை அடி வேறை, அது வேறை."

நான் மிஸ்ஸுக்கு மொழிபெயர்க்கத் தொடங்கினேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவருக்கு விளங்கியிருந்தது.

ஒரே நாளில் எல்லாம் தீர்ந்தது என்று புதியவர்கள் நினைக்கக்கூடாது. மிஸ் திரும்பிப் போன பிறகும் பாலண்ணை வந்துகொண்டிருந்தார். சில நாள் முன்னேற்றம், சில நாள் ஒன்றுமில்லை. தம்பியை நினைத்து ஒழுங்காக அழுவதற்கே சில கிழமை போனது. அதுவரை அவர் அதற்கு இடம் கொடுத்திருக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் வரப்போகும் கலியாணத்தையே மனத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். ஐயர் வருகிறார், விரலை ஆட்டுகிறார், கை உயருகிறது என்று சுகந்தி சொல்லச் சொல்ல அவர் கண்ணை அசைத்துக்கொண்டு அதைப் பார்ப்பார். ஒரு நாள் தவிலையே கொண்டுவந்துவிட்டார். ஐயராக நான் நின்று விரலை ஆட்டினேன். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு மனுசி எட்டிப் பார்த்து, "யோகன், ஆருக்குக் கலியாணம்? எங்களுக்கு ஒரு சொல்லும் இல்லை," என்றாள்.

அறையில் கை இறங்கியது. ஆனால் அறையில் இறங்குவது வேறு என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

கோப்பாய்க் கலியாணத்துக்குச் சுகந்தியையும் கூப்பிட்டிருந்தார். அவள் போகவில்லை.

"நான் போனால் அவர் ஐயரைப் பாக்கமாட்டார், என்னைத்தான் பாப்பார்," என்றாள். "நீங்கள் போங்கோ. என்ன நடந்தாலும் எனக்கு உடனை சொல்லுங்கோ. நல்லதா இருந்தாலும் கெட்டதா இருந்தாலும்."

எனக்கு அழைப்பு வேறு வழியால் இருந்தது. பெண்ணின் தகப்பன் என் ஒன்றுவிட்ட மச்சானுக்குச் சம்பந்தி முறை. அது இல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

மண்டபம் நிறையச் சனம். பெரிய திரையில், முன்கூட்டி எடுத்த படத்தில், பெண்ணும் மாப்பிள்ளையும் ஓடிக்கொண்டிருந்தார்கள். வீடியோக்காரர்கள் மணவறையை மறைத்துக்கொண்டு நின்றார்கள். நான் மேளக்காரருக்குப் பக்கத்தில், பாலண்ணையின் கை தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன். அவர் என்னைக் கண்டார், கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சடங்கு முழுவதும் சுத்தமாக வாசித்தார். பெண்ணின் தகப்பன் இடையிடையே இந்தப் பக்கம் பார்த்தார். மற்றத் தவில்காரப் பெடியனும் பார்த்தான். எல்லோருக்கும் விசயம் தெரியும். ஊரில் எதுதான் தெரியாது.

தாலி மாப்பிள்ளையின் கைக்கு வந்தது. சனம் அரிசியோடு எழும்பியது. ஐயர் தலைக்கு மேல் கையை உயர்த்தி விரலை ஆட்டினார்.

பாலண்ணையின் கண் அந்த விரலில் நின்றது. கை உயர்ந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் நின்ற பெடியள் அவசரப்பட்டுச் சீன வெடிக் கட்டைக் கொளுத்திவிட்டார்கள். மண்டபம் அதிர்ந்தது. பாலண்ணையின் தோள் துள்ளியதை நான் கண்டேன். நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. மற்றத் தவிலும் தொடங்கிவிட்டது. அவருடைய கை மேலே நின்றது.

அவர் வாசல் பக்கம் தலையைத் திருப்பினார். எரிச்சலோடு எதையோ சொன்னார். பக்கத்தில் இருந்த நாதஸ்வரக்காரர் பிறகு பந்தியில் வைத்து எனக்கு அதைச் சொன்னார். "முந்திட்டாங்கள் விசரங்கள்" என்றாராம்.

கை இறங்கியது.

நான் பல ஊர்களில் பல சத்தங்கள் கேட்டவன். அந்தச் சத்தத்தை எதனோடும் ஒப்பிடத் தெரியவில்லை. தாலி கட்டி முடிந்தது. அரிசி விழுந்து முடிந்தது. வெடியும் ஓய்ந்தது. ஐயர் போதும் என்று கையைக் காட்டினார். நாதஸ்வரம் நின்றது. மற்றத் தவில் நின்றது. பாலண்ணை நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரர் முழங்கையால் இடிக்கப் போனார். பெண்ணின் தகப்பன் மணவறையில் இருந்தபடியே வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

நான் கைத்தொலைபேசியை எடுத்துச் சுகந்திக்கு அழைத்தேன். அவள், "என்ன யோகண்ணை, என்ன நடந்தது?" என்று கேட்டாள். நான் தொலைபேசியைத் தவில் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.

ஐயர் அடுத்த மந்திரத்தைத் தொடங்காமல் இருந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் இருந்தார்கள். வீடியோக்காரர்கள்கூட விலகி நின்றார்கள். ஒருவரும் பாலண்ணையை அவசரப்படுத்தவில்லை.